பால் வடிந்த ஐவி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேற்குப் பக்கத்துச் சுவரில் படர்ந்திருந்த கொடியை வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அதை எல்லோரிடமும் "ஐவி" என்கிற குளிர்நாட்டுச் சுவர்க்கொடி என்று காட்டிப் பெருமைப்பட்டவள் நான். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் சொட்டியது. திண்ணையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஐவி கிவின்னு சொல்லிட்டிருந்த. இது அத்தி ஜாதியாச்சே. பால் வருது பாரு."

அத்தை காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு செடியைப் பார்த்தால் முதலில் ஒரு இலையைக் கிள்ளுவார், பால் வருகிறதா என்று பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் பேசுவார். நானோ நர்சரியில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டுப் பேசினேன்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் "ஐவி" என்ற பெயரில் மூன்று செடிகள் வந்திருந்தன. ஒன்று இந்தச் சுவர்க்கொடி. இன்னொன்று செத்துப்போய், அதன் தொட்டி மட்டும் மாடிப்படிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாவது சமையலறை ஜன்னலில் ஒரு குறையும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம். மூன்றும் மூன்று குடும்பத்துச் செடிகள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐவி ஆசை வந்ததற்குக் காரணம் வெயில். கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்குத் தெரியும், சையத் பாஷா மலைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி எட்டு மணி வரைக்கும் கக்கும். எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் மேற்கு பார்த்தது. ஏப்ரல் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்பக்கத்தில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிக்கலாம் என்றார். நான் கொடி ஏற்றலாம் என்றேன். பெங்களூரில் பழைய பங்களா ஒன்றின் சுவர் முழுக்கப் பச்சையாக மூடியிருந்ததைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை.

ஓசூருக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, வழியில் ஒரு நர்சரியில் நிறுத்தினோம். மேலுமலை ஏறி சூளகிரி தாண்டினாலே காற்று மாறிவிடும். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் சுமார் 900. ரோஜா ஏற்றுமதி ஓசூரில் நடப்பதும் இங்கே மாம்பழம் விளைவதும் இந்த வித்தியாசத்தால்தான். இந்த 400 மீட்டர் எனக்குப் பின்னால் பெரிய பாடம் சொல்லப்போகிறது என்று அன்றைக்குத் தெரியாது. "சுவத்துல தானா ஏறும் ஐவி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்குக்கா" என்று ஒரு பையன் கவர் செடி நான்கை எடுத்து நீட்டினான். கட்டைவிரல் நகம் அளவுக்கு, இதய வடிவத்தில், சின்னச் சின்ன இலைகள். அழகாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

நட்ட முதல் ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மழைக்காலம் கழிந்ததும் கோலம் போட்ட மாதிரி சுவரில் ஒட்டி ஏற ஆரம்பித்தது. இரண்டாவது வருடம் பாதிச் சுவர். மூன்றாவது வருடம் முழுச் சுவர். அறை உண்மையாகவே கொஞ்சம் குளிர்ந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் மேலே போய் வெயில் பட்ட இடத்தில் செடி வேறு உருவம் எடுத்தது. சுவரில் ஒட்டாமல், கட்டையான கிளைகள் ஒரு முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தன. அந்தக் கிளைகளில் இலை உள்ளங்கை நீளம், தோல் மாதிரி தடிமன். வேறு ஏதோ செடி நடுவில் முளைத்துவிட்டது என்று நினைத்துத்தான் அன்றைக்கு வெட்டப் போனேன். அப்போதுதான் பால் வடிந்தது.

அதன் பெயர் ஃபைகஸ் புமிலா. ஆல், அரசு, அத்தி எல்லாம் எந்த இனமோ அதே இனம். இளமையில் ஒரு இலை, முதிர்ந்த கிளையில் வேறு இலை. முதிர்ந்த கிளையில் அத்திக்காய் மாதிரி காயும் வைக்கும். எங்கள் வீட்டில் இரண்டு காய் வைத்தது. தைவானில் இதன் ஒரு வகையின் விதையைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து ஜெல்லி செய்கிறார்கள். அதைக் கேட்டதும் அத்தைக்கு ஆர்வம் வந்தது, என் கைக்குக் கிடைத்த இரண்டு காயிலும் ஒன்றும் தேறவில்லை.

இது சுவரில் ஒட்டும் விதம் தனி. தண்டிலிருந்து சின்னச் சின்ன வேர்கள் கிளம்பி, பசை மாதிரி ஒன்றைக் கசிந்து ஒட்டிக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் டார்வின் இதே கொடியின் வேர்களைக் கண்ணாடித் துண்டில் லேசாக அழுத்தி வைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்தாராம். தெளிவான சொட்டுகள் கசிந்திருந்தன, வெட்டினால் வரும் பாலிலிருந்து அது வேறு என்று எழுதியிருக்கிறார். அந்தப் பசையின் பலம் என்ன என்று டார்வினை விட எங்கள் வீட்டுப் பெயின்டருக்கு நன்றாகத் தெரியும். பச்சையாக இருக்கும்போதே கொடியைப் பிடித்து இழுத்தோம். பெயின்டும் பட்டியும் பூச்சின் மேல்தோலும் சேர்ந்து ஒரு சதுர அடி அளவுக்குக் கையோடு வந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஒரு வாரம் நீடித்தது.

அதற்கு அப்புறம் நிதானமாகச் செய்தோம். அடித்தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு மூன்று வாரம் அப்படியே காயவிட்டோம். காய்ந்த கொடி இழுத்தால் பூச்சைப் பிடுங்காமல் வந்தது. வேர்த்தடம் மட்டும் பூரான் ஊர்ந்த மாதிரி சுவரில் நின்றது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி பெயின்ட் அடித்தோம். நான்கு செடியில் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அது வீட்டுச் சுவரில் இல்லை, பின்பக்கத்துக் கல் பலகை வேலியில். கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் பெயர்வதற்குப் பெயின்டும் இல்லை, பூச்சும் இல்லை. வருடத்துக்கு மூன்று முறை கத்தரித்து, முதிர்ந்த கிளை நீட்டியதும் உடனே நறுக்கிவிடுகிறேன். இங்கே வெயிலான சுவரை மூட வேண்டுமென்றால் இந்தச் செடி நல்ல செடிதான். கரடுமுரடான கல்லில் ஏற்றுங்கள், வீட்டுச் சுவரில் வேண்டாம்.

செத்துப்போன இரண்டாவது செடிதான் உண்மையான ஐவி. வேடிக்கை என்னவென்றால், அது ஐவி என்று எனக்கு உறுதியானது அது செத்த பிறகு.

அதை வாங்கியது பெங்களூரில், ஜனவரி லால்பாக் மலர்க் கண்காட்சி பார்க்கப் போனபோது. தொங்கும் தொட்டி. மூன்று கூர், ஐந்து கூர் உள்ள இலை, சாம்பல் கலந்த பச்சை, ஓரத்தில் வெள்ளை. "கிளேசியர்" என்று ரகத்தின் பெயர் எழுதிய ஒரு அட்டை. "காத்தைச் சுத்தம் பண்ணும் மேடம், நாசாவே சொல்லியிருக்கு" என்றார் விற்றவர். நாசா 1989-இல் அப்படி ஒரு ஆய்வு வெளியிட்டது உண்மை, அதில் இங்கிலீஷ் ஐவி என்கிற இந்த இனமும் இருந்தது. ஆனால் அது மூடிய சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்தது. ஜன்னல் திறந்து வைத்து, சாம்பிராணியும் போட்டு, தாளிக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. 2019-இல் வந்த ஒரு மறு ஆய்வு, சாதாரணமாக ஜன்னல் வழியாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி வேண்டும், அதிகபட்சம் 1000 கூட ஆகலாம் என்று கணக்குப் போட்டது. அழகுக்காக வாங்குங்கள், போதும்.

பிப்ரவரி வரைக்கும் பிரமாதமாக இருந்தது. அந்த மாதம் வந்த நாத்தனார், "அண்ணி, ரெண்டு கொடி கிள்ளிக்கிறேன்" என்று நான்கு துண்டு எடுத்துப் போனாள். மார்ச் கடைசியில் இலையின் பளபளப்பு போனது. ஊசியால் குத்திய மாதிரி வெளிர் புள்ளிகள். தூசி என்று நினைத்தேன். ஏப்ரலில் இலை மொத்தமும் வெளுத்தது. வெயிலுக்குத் தாகம் எடுக்கிறது என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இதுதான் நான் செய்த பெரிய தவறு. மே முதல் வாரம் தண்டின் அடி கறுத்துக் கொழகொழத்துப் போனது. தொட்டியைக் கவிழ்த்தால் வேர் பழுப்பாக, கெட்ட வாடை.

இரண்டு எதிரிகள் சேர்ந்து வந்திருக்கிறார்கள். ஒன்று செம்பேன், சிவப்புச் சிலந்திப்பூச்சி என்றும் சொல்வார்கள். சூடும் வறட்சியும் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும். இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், அதனால்தான் அந்த வெளிர் புள்ளிகள். இன்னொன்று என் தண்ணீர். சூட்டில் ஐவி வளர்ச்சியை நிறுத்திவிடும், குடிக்காது. குடிக்காத செடிக்கு ஊற்றிய தண்ணீர் வேரைத்தான் அழுகவைக்கும்.

நாத்தனார் எடுத்துப் போன நான்கு துண்டு என்ன ஆயிற்று? ஓசூரில் அவள் வீட்டுக் கிழக்குப் பக்க பால்கனியில் மூன்று அடிக்குத் தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர், வேறு ஒன்றும் செய்வதில்லையாம். ஒரே செடியின் துண்டுகள், நடுவில் ஐம்பது கிலோமீட்டர்தான். ஐவிக்குப் பிடித்தது 10-இலிருந்து 21 டிகிரி வரை உள்ள குளுமை. எங்கள் ஊரில் மே மாதம் பகலில் 40-ஐத் தொட்டுவிட்டு வரும். ஓசூரில் அவ்வளவு போவதில்லை, ராத்திரியில் நன்றாகவே குளிரும். அதனால் நெட்டில் படித்த குறிப்புகளை விட, செடி வாங்கிய ஊருக்கும் நம் ஊருக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று முதலில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது செடி, சமையலறை ஜன்னலில் இருந்தது, அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஒருவர் தந்தது. "இது வேக்ஸ் ஐவி, சாகவே சாகாது" என்றார். இலை பார்க்க அச்சாக ஐவி. அதே கூர், ஓரத்தில் மஞ்சள். தொட்டால் தெரியும்: மெழுகு பூசின மாதிரி வழவழப்பு, கொழுத்த இலை, மடக்கினால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி சட்டென்று ஒடியும், தண்ணீர் கசியும். ஒரு டிசம்பரில் ஒரே ஒரு பூ பூத்தது. வெளிர் மஞ்சளில், சாமந்தி போல. ராயக்கோட்டைப் பக்கம் ஏக்கர் கணக்கில் சாமந்தி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அது செனீசியோ மேக்ரோகுளோசஸ், தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடி, சாமந்திக் குடும்பம். உடம்பில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஜாதி என்பதால்தான் எங்கள் ஏப்ரலைத் தாங்கியது. ஐவி என்று நம்பிப் பழகாமல், கற்றாழைக்கு ஊற்றுவது போல மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

இனி ஒரு செடியை ஐவியா இல்லையா என்று நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். அத்தை முறைதான், கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்.

முதலில் ஒரு இலையைக் காம்போடு கிள்ளுவேன். பால் வந்தால் அது ஐவி இல்லை, அங்கேயே முடிந்தது. ஐவியில் பால் வராது. கிள்ளிய கையைக் கண்ணில் தேய்க்க வேண்டாம். ஐவிச் சாற்றில் ஃபால்காரினால் என்று ஒரு பொருள் இருக்கிறது, சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும். எனக்கு ஒரு முறை கத்தரித்து முடித்த மறுநாள் விரல் இடுக்கெல்லாம் சிவந்தது. அதிலிருந்து கையுறை போடாமல் தொடுவதில்லை.

அடுத்து, எதைக் கொண்டு ஏறுகிறது என்று பார்ப்பேன். ஐவி தண்டின் ஒரு பக்கம் முழுக்கச் சின்ன வேர்களை விட்டு ஒட்டிக்கொண்டு ஏறும். பாகற்காய், கோவை மாதிரி பற்றுக்கம்பி இருந்தால் ஐவி இல்லை. பற்றுக்கம்பியின் நுனியில் பல்லியின் விரல் போல வட்டத் திட்டு இருந்து, இலையும் உதிர்காலத்தில் சிவந்து கொட்டினால் அது பெரும்பாலும் பாஸ்டன் ஐவி. பெயரில் ஐவி இருந்தாலும் அது திராட்சைக் குடும்பம், நம் பிரண்டைக்குச் சொந்தம். அமெரிக்காவின் பழைய கல்லூரிக் கட்டடங்களின் படங்களில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். மணி பிளான்ட்டை ஐவி என்று விற்பவர்களும் உண்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இலையைப் பார்த்தாலே தெரியும்.

இலையை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஐவி ஏமாற்றிவிடும். தவழும் பருவத்தில் கூர் கூரான இலை. உயரம் ஏறி, வெயில் கிடைத்து முதிர்ந்தால் கூரே இல்லாத, அரச இலையைக் கொஞ்சம் நினைவுபடுத்தும் இலை வரும், வேர் விடாது, பூக்கும், காய்க்கும். ஒரே கொடியில் இரண்டும் இருக்கும். நம் தொட்டிச் செடிகள் பெரும்பாலும் முதிர்வதே இல்லை என்பதால் பலருக்கு இது தெரியாது.

இதற்கு மேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. என் அப்பா பழையபேட்டையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கறுப்பு லென்ஸ் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. விளிம்பில் அவர் புருவத்து வியர்வை ஊறி ஊறிப் பிளாஸ்டிக் வெளுத்திருக்கும். ஓசூரிலிருந்து திரும்ப வாங்கி வந்த துண்டின் நுனியில், அன்றைக்குத்தான் விரிந்த தளிர் இலை ஒன்றைக் கிள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு மாவு தூவின மாதிரி தெரிந்தது, லென்ஸில் நட்சத்திரமாகத் தெரிந்தது. வெள்ளையாக, நான்கைந்து முனைகளோடு, ஒவ்வொரு ரோமமும் ஒரு நட்சத்திரம். ஹெடெரா ஹெலிக்ஸ் என்கிற இங்கிலீஷ் ஐவியின் அடையாளம் அது. முனைகள் எல்லாப் பக்கமும் குத்திட்டு நிற்கும். அட்லாண்டிக் ஐவி என்கிற ஹிபெர்னிகாவில் முனைகள் இலையோடு படுத்திருக்கும். அல்ஜீரிய ஐவியில் ரோமம் நட்சத்திரமாக இல்லாமல், பழுப்புச் சிவப்பில் மீன் செதில் போலத் தட்டையாக இருக்கும், காம்பும் திராட்சைச் சாறு நிறத்தில் சிவந்திருக்கும். முற்றின இலையில் ரோமம் உதிர்ந்துவிடும், அதனால் தளிரில்தான் பார்க்க வேண்டும். அப்பா இருந்திருந்தால், பேலன்ஸ் வீல் பார்க்க வாங்கின லென்ஸில் என்னத்தைப் பார்க்கிறாய் என்று கேட்டிருப்பார்.

இமயமலைக் காடுகளில் ஹெடெரா நேபாலென்சிஸ் என்று நம் நாட்டு ஐவியே ஒன்று இருக்கிறது. அதைத் தென்னாட்டு நர்சரி எதிலும் நான் பார்த்ததில்லை.

இனம் தெரிந்த பிறகு ரகம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறோம். ஐவி ரகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதில் பலவும் விதையிலிருந்து வந்தவை இல்லை. ஒரு செடியில் திடீரென்று ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி வளரும், அதைக் கிள்ளி நட்டால் புது ரகம். பிட்ஸ்பர்க் என்கிற ரகம் அப்படித்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிடைத்தது. கிள்ளாமலே தானாகக் கிளைக்கும் குணம் அதில் வந்ததால், தொங்கும் தொட்டிக்கு ஏற்ற அடர்த்தியான ஐவிகள் பலவற்றுக்கும் அது முன்னோடியானது. புதிதாக வந்த குணம் பழையபடி திரும்பவும் செய்யும். அதனால் ஒரு இலையைப் படம் பிடித்து அனுப்பி "இது என்ன ரகம்?" என்று கேட்டால் தெரிந்தவர்களாலும் சொல்ல முடியாது. போனில் இருக்கும் செடி ஆப்பில் என் கிளேசியரின் மூன்று இலையைக் காட்டினேன், மூன்று பெயர் சொன்னது.

1973-இல் தொடங்கிய அமெரிக்கன் ஐவி சொசைட்டிதான் ஹெடெரா ரகப் பெயர்களை உலக அளவில் பதிவு செய்யும் அமைப்பு. அதைத் தொடங்கிய சூசான் பியரோ ஒரு எளிய வழி வகுத்தார். பெயரைத் தேடி ஓடாமல், முதலில் இலையின் தோற்றத்தை வைத்துக் கூட்டம் பிரிப்பது: பறவையின் கால் போல ஒல்லியாகப் பிரிந்தவை, விசிறி போல விரிந்தவை, ஓரம் சுருண்டவை, இதய வடிவம், குட்டி இலை, பல நிறம் உள்ளவை, எதிலும் சேராத விசித்திரங்கள் என்று. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. மாம்பழத்திலும் நாம் அப்படித்தானே, மூக்கு இருந்தால் ஒரு பக்கம், உருண்டையாக இருந்தால் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டு அப்புறம்தான் பெயருக்குப் போகிறோம். நடுக்கொடியில், நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த பத்து இலையைப் பறித்து வெள்ளைத் தாளில் பரப்பி, அதில் பெரும்பான்மை எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். கணுவுக்கும் கணுவுக்கும் எவ்வளவு இடைவெளி, தண்டு பச்சையா சிவப்பா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். என் செடி இருட்டான மூலையில் இருந்த இரண்டு மாதத்தில் வெள்ளை ஓரத்தைப் பாதி இழந்துவிட்டது. அதை அந்த நேரத்தில் பார்த்திருந்தால் கிளேசியர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முழுப் பச்சையாக வந்த கிளைகளை அடியோடு நறுக்கினேன், இல்லையென்றால் அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

ஓசூர்த் துண்டிலிருந்து வளர்த்த ஐவி இப்போது எங்கள் வீட்டில் மூன்று கோடையைத் தாண்டிவிட்டது. இடம் வடகிழக்கு மூலை, சன்ஷேடுக்குக் கீழே. காலை எட்டரை வரைக்கும் வெயில், அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம் மட்டும். மண்ணைப் பொறுத்தவரை செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கொஞ்சம் ஆற்று மணல். நார்க்கழிவை இரண்டு முறை அலசிவிட்டுத்தான் கலக்கிறேன், அலசாததில் உப்பு இருக்கும். போர் தண்ணீர் இங்கே கடினம், இலையில் வெள்ளைத் திட்டு விழும், தொட்டி ஓரத்தில் உப்புப் படியும். மழைத் தண்ணீர் ஒரு டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன், அது தீர்ந்தால் போர் தண்ணீரே ஊற்றி, மாதம் ஒரு தடவை தொட்டி நிறைய ஊற்றி அடியில் வடியவிடுகிறேன். தண்ணீருக்கு அளவு விரல்தான்: ஆள்காட்டி விரலை ஒரு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவேன்.

மார்ச் பதினைந்துக்கு மேல் தொங்கும் தொட்டியைக் கீழே இறக்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிடுவேன். மேலே தொங்கும் இடத்துக்கும் ஈரத் தரைக்கும் சூடு நன்றாகவே குறையும். வாரம் இரண்டு நாள் காலையில் ஓஸ் பைப்பால் இலையின் அடிப்பக்கத்தை அடித்துக் கழுவுவேன். செம்பேனுக்கு இதை விட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினால் மிளகாய்ப்பொடி மாதிரி விழுந்து நகரும், அதுதான் அது. அப்படி விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து, வெயில் இறங்கின பிறகு அடிப்பக்கம் நனைய அடிப்பேன். ஐந்தாறு நாள் கழித்து இன்னொரு முறை. காலையில் அடித்தால் வெயிலில் இலை பொசுங்கும், அதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் இலை நனைவதைக் குறைக்க வேண்டும். எண்ணெய் பட்ட மாதிரி கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் வந்தால் பாக்டீரியா. அந்த இலைகளைக் கிள்ளித் தூரப் போடுவேன், எருக்குழியில் போடுவதில்லை. கோடையில் உரமே இல்லை.

புதுச் செடி எடுப்பது ஆகஸ்டில், அல்லது கார்த்திகைக் குளிரில். மூன்று நான்கு கணு உள்ள இளந்தண்டு, கீழ் இரண்டு கணுவில் இலையை எடுத்துவிட்டு ஈரமான நார்க்கழிவில் படுத்த மாதிரி செருகினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தண்ணீரிலும் வேர் வரும், ஆனால் அந்த வேர் மண்ணுக்கு மாறும்போது சிணுங்கும். முதிர்ந்த கிளையில் எடுத்தால் வேர் விடுவது கஷ்டம். என் கணக்கில் பத்துக்கு எட்டு பிழைக்கிறது, எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. தரையில் மட்டும் விடுவதில்லை. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் காட்டை மூடிவிட்டது என்று இதன் விற்பனைக்கே தடை. கிருஷ்ணகிரி வெயில் அதற்கு இடம் கொடுக்காது, ஆனால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்ந்த இடத்தில் இருப்பவர்கள் வேலியைத் தாண்ட விட வேண்டாம்.

இந்த வருடம் புதிதாக ஒரு தொட்டி சேர்ந்திருக்கிறது. நாத்தனார் வீட்டுக்கு எதிர்வீட்டில் உள்ளங்கை அகல இலையோடு ஒரு கொடி, சிவப்புக் காம்பு. கேட்டு வாங்கி லென்ஸில் பார்த்தேன், செதில் செதிலாக இருந்தது, அல்ஜீரிய ஐவி. இங்கிலீஷ் ஐவியை விடச் சூடு தாங்கும் இனம் இது. மேற்குச் சுவருக்கு இல்லை, கிழக்குப் பக்கக் கல் வேலிக்கு. இன்னும் மே மாதம் பார்க்கவில்லை.

அந்தத் தொட்டியை வேலியோரம் வைத்துக்கொண்டிருந்தபோது, கல்லின் மேல் தானாக ஏறியிருந்த கோவைக்கொடியை அத்தைக்குக் காட்டி, "இதுக்கும் இங்கிலீஷ்ல ஐவி கார்டுன்னுதான் பேரு அத்தை, இலை ஐவி மாதிரி இருக்குன்னு" என்றேன்.

அத்தை கோவைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ வச்ச நாலு ஐவியில சமைக்கிறதுக்கு ஆவுறது இது ஒண்ணுதான்" என்று முந்தானையில் பறித்துப் போட ஆரம்பித்தார். நான் வைத்தது இல்லை, அது தானாக வந்தது என்று நான் சொல்லவில்லை.